மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 6

மகாராணி அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் தங்கை சொல்லிவிட்டாள். அவளுக்குப் போன் செய்தால் நீ வாங்கிப் பேசுவதில்லை. "அக்கா பேச மாட்டேங்குறா அத்தான். ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பச் சொல்றா" என்கிறாள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? தபால்தலை வாங்கப் போனால் கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

சரி, எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று இருவரும் சேர்ந்துதான் கிளம்பினோம். மூன்று நாள் நடை. வழியில் எந்த விடுதியில் தங்குவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் நான் ஏற்பாடு செய்தது. போன் இருந்தால் நடை கெட்டுவிடும் என்று இரண்டு போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் மதியம் நான் பேசிக்கொண்டே போகிறேன். தண்ணீர் வேண்டும் என்று பின்னால் கையை நீட்டுகிறேன். கையில் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை.

கட்டிய மனைவியைக் காணோம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் புதர். நான் என்ன நினைப்பேன், நீயே சொல். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். சைக்கிளில் வந்தவன், குதிரையில் வந்தவள், நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் என்று ஒருவர் விடாமல் கேட்டேன். கடைசியில் பாதைக் காவலரிடம் போய் நின்றேன். அவர் ஒரு படகுக்காரனை அழைத்துப் படகை இறக்கினார். தெரியுமா உனக்கு? உன்னைத் தேடி ஏரியில் படகு போனது.

அது ஓரமாகக் கோரைப்புல்லை விலக்கி விலக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது காவலர் விடுதிக்கு ஒரு போன் போட்டார். "அந்தம்மா ஃபோன் பண்ணாங்களே! தங்கச்சி வீட்டுக்குப் போறாங்களாம், சார்கிட்ட சொல்லச் சொன்னாங்க" என்று பதில் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். வாழ்க்கையில் அப்படி ஒரு அசிங்கம் நான் பட்டதில்லை.

எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் கணவன்
(இன்னும் அந்தப் பதவி இருந்தால்)


அக்டோபர் 10

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. படகு இறக்கியது எனக்குத் தெரியாது. விடுதிக்குச் சொல்லிவிட்டால் போதும், நீங்கள் நேரே அங்கேதான் போய் நிற்பீர்கள் என்று நினைத்தேன். அந்தப் படகுக்காரரை வீணாக அலைய விட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் இல்லை.

ஏன் கடிதம் என்று கேட்கிறீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பேன், நீங்கள் முடித்து வைப்பீர்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை என்பேன். எனக்குத் தெரியும் என்பீர்கள். முப்பது வருடமாக இதுதான் நமக்குள் பேச்சு என்று பெயர் பெற்றிருக்கிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. எனக்குக் கோபம் வந்தால் வாய் குழறும், கை குழறாது.

நடந்ததைத் திருத்தச் சொன்னீர்கள். திருத்துகிறேன்.

இருவரும் சேர்ந்து கிளம்பவில்லை. நீங்கள் கிளம்பினீர்கள், நான் பின்னால் வந்தேன். என் குதிகால் போன கோடையிலிருந்து வலிக்கிறது. ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். கூட வேலை செய்கிறவளை விட்டு என் காலையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எலும்பில் முள் மாதிரி வளர்ந்திருக்கிறது. அந்தப் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அதன்மேல் ஏரிப் பாதையின் வரைபடத்தை விரித்தீர்கள். "நடந்தா சரியாயிடும்" என்றீர்கள்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். அன்று எத்தனை பேரிடம் சண்டை போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? பாதை நடுவில் மஞ்சள் கோடு. ஏரிப் பக்கம் நடப்பவர்கள், மறு பக்கம் சக்கரங்கள். யாருடைய சக்கரம் கோட்டைத் தொட்டாலும் நீங்கள் நின்று வகுப்பு எடுத்தீர்கள். ஓட்டுநர் தேர்வு வைத்து பாஸ், பெயில் போட்டு ஓய்வு பெற்றவர்தான் நீங்கள். ஆனால் ஓய்வு பெற்றது உங்களுக்கே இன்னும் சொல்லப்படவில்லை. தேர்வு மைதானத்தில் உங்களுக்கு 'சிவப்புப் பேனா' என்று பெயர் வைத்திருந்தார்களே, வைத்தவன் நன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் பாவம் ஒரு பெண், மூன்று சக்கர சைக்கிளின் முன்பெட்டியில் செடிகளை வைத்து வீடு வீடாகக் கொடுக்கிறவள், அவளை அழ வைக்காத குறை.

மதியம் என்னால் காலை ஊன்ற முடியவில்லை. "என்னங்க, கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாம்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. நீங்கள் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினீர்கள். மைதானத்தில் வண்டிகளுக்குக் காட்டுவீர்களே, 'வா, வா, வந்துகொண்டே இரு' என்று, அந்தக் கை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. பக்கத்தில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பேசிக்கொண்டே வளைவில் மறைந்தீர்கள். எப்போது திரும்பிப் பார்க்கிறீர்கள், பார்ப்போம் என்று இருந்தேன். ரொட்டியைப் பிரித்துத் தின்றேன். வாத்துகளுக்கும் கொஞ்சம் போட்டேன். நீங்கள் வரவில்லை.

எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது.

மனைவி


அக்டோபர் 13

மகாராணிக்கு,

உன் குற்றப்பத்திரிகை கிடைத்தது. இத்தனை வருடமும் இதையெல்லாம் எங்கே அடுக்கி வைத்திருந்தாய்?

கால் வலி என்றால் இரண்டு தரம் கூப்பிட வேண்டியதுதானே? காற்று ஏரியிலிருந்து அடிக்கிறது, சைக்கிள் சத்தம் வேறு. ஒரு தரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் முன்னால் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால் போவது எதற்கு? வழியில் கல் இருக்கா, பள்ளம் இருக்கா, எவனாவது கண்மண் தெரியாமல் வருகிறானா என்று பார்க்கத்தான். எல்லாம் உனக்காகத்தான். அதைக்கூடக் குற்றமாக்கினால் நான் என்ன செய்வது?

விதியைச் சொன்னால் வகுப்பு எடுக்கிறேன் என்கிறாய். எல்லோரும் சேர்ந்து புழங்குகிற பாதை அது. ஒரு கோட்டை நம்பித்தான் அங்கே குழந்தையும் நடக்கிறது, குதிரையும் நடக்கிறது. கோட்டை மதிக்காதவனை நான் எப்படி விடுவேன்? விட்டிருந்தால் நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் எத்தனை பேர் எவன் மேலே வண்டியை ஏற்றியிருப்பார்கள்!

போகட்டும். எனக்கு ஒன்று புரியவில்லை, அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். அந்த பெஞ்சு எது என்று கண்டுபிடித்துவிட்டேன். நேற்று அங்கே போய்ப் பார்த்தேன். ரொட்டி சுற்றிய காகிதம்கூடக் கிடந்தது. (குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது.) அங்கிருந்து வந்த வழியே திரும்பினால் சாலை வெகு தூரம். உன் காலோடு நீ அதை நடந்திருக்க முடியாது. முன்னால் போனால்தான் பஸ் நிற்கும் இடம். முன்னால் போவதென்றால் என்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பாதை ஒன்றுதான். நான் அதன் மேல்தான் இருந்தேன். நீ என்னைத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில் என்னைத் தாண்டியது ஒரே ஒரு வண்டி. காலையில் நான் எச்சரித்த அதே செடிக்காரி. பெட்டி நிறையச் செடி, நடுவில் ஏதோ மூட்டை. பாரம் தாங்காமல் முன்சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் வந்திருந்தது. வலது பிரேக் கம்பி தளர்ந்து தொங்கியது. மணிக்கு நாக்கு தேய்ந்துபோய் சத்தமே சரியில்லை. காலையில் சொல்லியும் திருந்தவில்லையே என்று மறுபடி ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான். வேறு ஈ காக்கை இல்லை.

அப்படியென்றால் நீ எப்படிப் போனாய்? பறந்தா?

துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சிவப்பு விளக்கு எரிகிறது. அதையும் எழுது. நம் மகள் போன் செய்தாள். அம்மா குளிக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். எத்தனை நாளைக்குக் குளிப்பாய்?

கணவன்


அக்டோபர் 17

என்னங்க,

அந்த மூட்டை நான்தான்.

இதற்கு மேல் எழுதாமல் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அப்படியும் உங்களுக்குப் புரியாமல் போகலாம், அதனால் எழுதுகிறேன்.

செடிக்காரப் பெண் திரும்பி வரும்போது நான் பெஞ்சில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் அவளைத் திட்டியவரின் மனைவி என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் போயிருக்கலாம். அவள் நிறுத்தினாள். "என்னக்கா, கால் முடியலையா? அவர் எங்க?" என்றாள். முன்னால் போகிறார் என்றேன். பெட்டியில் தொட்டிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் சாக்கை மடித்துப் போட்டு, "ஏறுங்கக்கா" என்றாள். இந்த வயதில் பெட்டியில் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தில் இலை உரசியது. பாதை வேகமாக ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் பிடித்து, "பாத்தீங்களா, நான் முந்திட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன்.

வளைவு தாண்டியதும் உங்கள் முதுகு தெரிந்தது. பக்கத்தில் வர வர உங்கள் குரலும் கேட்டது. நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் ஒருத்தரும் இல்லை, நீங்கள் பேசிக்கொண்டே போனீர்கள். "உனக்காகத்தாம்மா இவ்வளவு மெதுவா நடக்கிறேன். தனியா வந்திருந்தா இந்நேரம் விடுதியில போய்க் குளிச்சிருப்பேன். என்ன சொல்ற?" என்று கேட்டீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டீர்கள். பிறகு "அதான" என்று தலையை ஆட்டிக்கொண்டீர்கள்.

நான் என்ன பதில் சொன்னேன்? எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் இல்லாத இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குக் கேட்டது? இத்தனை வருடமும் நான் வாயைத் திறந்ததற்கும் திறக்காததற்கும் உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் இருந்ததா?

அவள் மணி அடித்தாள். நீங்கள் ஒதுங்கித் திரும்பினீர்கள். கைநீட்டினால் தொடும் தூரம். நேரே பார்த்தீர்கள். சக்கரத்தைப் பார்த்தீர்கள், கோட்டைப் பார்த்தீர்கள். "அந்தப் பக்கம் போம்மா! காலையில சொன்னேன்ல, கண்ணு தெரியலையா?" என்று கத்தினீர்கள். உங்கள் எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. அவள் குனிந்து, "நிறுத்தட்டுமாக்கா?" என்று கேட்டாள். "வேணாம், மிதிம்மா" என்றேன்.

பஸ் நிற்கும் இடம் வரும்வரை நான் அழுதேன், அதை அவள் பார்க்காத மாதிரி மிதித்தாள். இறங்கும்போது என் கையில் ஒரு சின்னத் தொட்டியை வைத்தாள். அவள் போனை வாங்கி விடுதிக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இயந்திரத்தின் கதவைச் சரியாக மூடுங்கள். சிவப்பு விளக்கு அதற்குத்தான். மகளிடம் நானே பேசிவிட்டேன்.

மூட்டை


அக்டோபர் 19

உனக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டிப் படித்தேன். எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை.

நீ என்னைப் பார்த்தாய்! நான் பார்க்காமல் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ பார்த்தாய். பார்த்துவிட்டு "மிதிம்மா" என்றாய். ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம் என் தோளில். "குருடா" என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் திரும்பி வந்து தேடுவேன் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? நேரே விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்றா நினைத்தாய்? அவ்வளவுதானா நான்?

படகை இறக்கினார்கள் என்று மட்டும் எழுதினேன். மீதியை இப்போது கேள். அது வருவதற்குள் நானே இறங்கிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, உனக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் கோரையைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். கால் சேற்றில் புதைந்தது. கரையில் இருந்தவர்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். செருப்பு ஒன்று இன்னும் ஏரியில்தான் கிடக்கிறது. அந்த நேரத்தில் நீ பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனாய். உன்னை மன்னிக்க மாட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கிழித்ததை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. படகில் ஏறும்முன் படகுக்காரன் கேட்டான். "என்ன கலர் டிரஸ் சார் போட்டிருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளாக என்னோடு நடந்தவள். நீலம் என்றேன். பிறகு இல்லை, பழுப்பு என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அந்த சைக்கிளின் பிரேக் கம்பி தளர்ந்ததைக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். அதற்காகவும் உன்மேல்தான் கோபம் வருகிறது. ஏன் என்று கேட்காதே.

வீட்டுக்கு வா. எப்போது வருகிறாய்?


அக்டோபர் 25

என்னங்க,

தண்ணீரில் இறங்கியதைப் படித்தேன். நீச்சல் தெரியாத மனுஷனுக்கு அங்கே என்ன வேலை என்று திட்டிக்கொண்டே தங்கையிடம் படித்துக் காட்டினேன். நீங்கள் திரும்பி வந்து தேடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது உண்மை. அது என் தப்பு. மன்னித்துவிடுங்கள். இந்த முறை உங்களிடம்தான் கேட்கிறேன்.

நான் செத்துவிட்டேன் என்று பயந்தபோது ஏரியில் இறங்கினீர்கள். உயிரோடு பின்னால் நடந்தபோது ஒரு தரம் திரும்பவில்லை. இந்த இரண்டும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தினமும் செத்துக் காட்டவா முடியும்?

இங்கே தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்ரே மையம் இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் போய்க் கேட்டேன். பழைய ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டு இங்கே வேலை பார்க்கிறேன். நிரந்தரமாக இருக்க முடியுமா என்று மேலாளர் கேட்கிறார். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். மையத்துக்கு மேலே ஒரு அறையும் தருகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சைக்கிள் பழுது பார்க்கும் கடை. நாள் முழுக்க மணிச் சத்தம். உங்களுக்குப் பிடிக்காது.

நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள். வர விருப்பமா என்று கேட்கவில்லை. அதை நேரில் வந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். நீளமாக இருக்கும், அழுகை வரும், நடுவில் உங்களைத் திட்டுவேன். எல்லாம் முடிந்த பிறகு பேசுங்கள். அது முடியும் என்றால் வாருங்கள். முடியாது என்றால் வந்து இன்னொரு தரம் என்னை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

மாலையில் வேலை முடிந்து வெளியே வருவேன். வாசலிலேயே பார்க்கலாம்.

உங்கள் மனைவி


அக்டோபர் 30

அன்புள்ள உனக்கு,

வந்தேன். நேற்று மாலை. உன் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாயை மூடி உட்காரப் பழகிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் மழை வருமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வராது என்று சொல்லிவிட்டேன். அங்கேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மையத்துக்கு எதிரே, அந்த சைக்கிள் கடை ஓரமாக நின்றேன். கதவு திறந்தது. நீ மூன்று, நான்கு பேரோடு வெளியே வந்தாய். நீதான் பேசிக்கொண்டு வந்தாய். இரண்டு கையையும் வீசி, நின்று, யாரையோ நடித்துக் காட்டி, மறுபடி நடந்து, என்னவோ பெரிய கதை. மற்றவர்கள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு கூட நின்றார்கள், கூட நடந்தார்கள். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உனக்கு இப்படிக் கதை சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. என்ன கதை என்று கேட்க வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது. சத்தம் என்வரை எட்டவில்லை.

எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். அது போகாது என்றுதான் நினைக்கிறேன். என்னைத் தாண்டிப் போனதற்குக் கோபம். இவ்வளவு பேச்சை எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்குக் கோபம். கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று நீ எழுதுவாய், அதுவும் தெரியும். பார், உன் பதிலையும் நானே எழுதிவிட்டேன்.

மேலாளரிடம் சரி என்று சொல்லிவிடு. குளிர்கால உடைகளையும் உன் சாமான்களையும் பெட்டியில் கட்டி உன் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறேன். குதிகாலுக்கு நல்ல டாக்டராகப் பார்.

உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் நீ பேச்சை நிறுத்திவிட்டு என்னிடம் வந்திருப்பாய். அதனால் கூப்பிடவில்லை. நீங்கள் எல்லோரும் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன்
சிவப்புப் பேனா